இருண்ட வீடுகளும் பழையனூர் நீலியும்

பழைய பெரிய வீடு ஒன்று. உள்ளே பூட்டிய ஓர் அறை. "அந்தப் பக்கம் மட்டும் போகாதீங்க" என்று சொல்லும் ஒரு கிழவர். நள்ளிரவில் மாடியில் ஒரு சத்தம். இவ்வளவு இருந்தால் போதும், ஒரு பேய்க்கதை தயார். நம் பிள்ளைகள் இந்தக் கதைகளை ஆங்கிலத்தில் படிக்கிறார்கள். தெலுங்கிலும் தமிழிலும் சினிமாவாகப் பார்க்கிறார்கள். "இதெல்லாம் வெள்ளைக்காரன் கொண்டுவந்த சரக்கு, தமிழ்ல ஏது இந்த மாதிரி?" என்று நன்கு படித்தவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். அது எவ்வளவு தூரம் சரி என்று பார்ப்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம். கூடவே, ஒரு வீடு ஏன் பயமுறுத்துகிறது, அந்தப் பயம் எப்படித் தீர்கிறது என்பதையும் பார்ப்போம்.

இதற்கு நாம் இங்கிலாந்து வரைக்கும் ஒரு நடை போய் வர வேண்டும். ஆனால் வந்து சேர வேண்டிய இடம் பக்கத்திலேயே இருக்கிறது. வடமாலபேட்டையிலிருந்து புத்தூர், நகரி, திருத்தணி வழியாகப் போனால் திருவாலங்காடு; அதை அடுத்த ஊர் பழையனூர். இன்று அது தமிழ்நாட்டில் திருவள்ளூர் மாவட்டம். ஆனால் 1911இல் சித்தூர் மாவட்டம் உண்டானது முதல் 1960 ஏப்ரல் 1ஆம் தேதி எல்லை மாறும் வரை திருத்தணி வட்டாரம் சித்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது. வடமாலபேட்டையும் 2022இல் திருப்பதி மாவட்டமாகிவிட்டது. எல்லைக் கோடுகளை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், தமிழில் மிகவும் பேர்போன பேயாகிய பழையனூர் நீலி நமக்குப் பக்கத்து ஊர்க்காரி.

மேல்நாட்டுக் கோட்டைகள்

ஆங்கிலத்தில் இந்த வகைக் கதைக்குக் கோதிக் கதை என்று பெயர். கோத் என்பது ரோமாபுரியைச் சூறையாடிய ஒரு பழைய ஜெர்மானியக் கூட்டம். இடைக்காலத்தில் எழுந்த கூரிய வளைவுகளும் உயர்ந்த கோபுரங்களும் கொண்ட கட்டடங்களைப் பிற்கால இத்தாலியர்கள் காட்டுமிராண்டிகளின் வேலை என்னும் கருத்தில் கோதிக் என்று இகழ்ந்தார்கள். சென்னை சாந்தோம் தேவாலயத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கூரிய வளைவு எப்படியிருக்கும் என்று தெரியும். ஆக, கோதிக் என்பது முதலில் கட்டடத்தின் பெயர். பிறகுதான் அது கதைக்கு வந்தது. அதனால்தானோ என்னவோ, இந்தக் கதைகளில் நாயகன் நாயகியைக் காட்டிலும் கட்டடத்துக்கே முதல் மரியாதை.

முதல் கோதிக் நாவலை எழுதியவர் ஹொரேஸ் வால்போல். ட்விக்கன்ஹாமில் ஸ்ட்ராபெரி ஹில் என்னும் தம் வீட்டையே கோதிக் பாணியில் இழைத்து இழைத்துக் கட்டியவர். ஒருநாள் கனவில், ஒரு பழைய கோட்டையின் மாடிப்படியில் இரும்புக் கவசம் போட்ட ராட்சதக் கை ஒன்றைக் கண்டார். அதிலிருந்து பிறந்தது 1764 டிசம்பரில் வெளிவந்த ஒட்ராண்டோ கோட்டை. முதற்பதிப்பில் தம் பெயரைப் போடவில்லை. பழைய இத்தாலிய நூலின் மொழிபெயர்ப்பு என்று சொல்லிவிட்டார். 1765இல் வந்த இரண்டாம் பதிப்பில்தான் உண்மையைச் சொல்லி, கோதிக் கதை என்றும் பெயர் கொடுத்தார்.

கதை என்னவென்றால், கல்யாண நாளன்று ஒரு ராட்சதத் தலைக்கவசம் மேலிருந்து விழுந்து மாப்பிள்ளையை நசுக்கிவிடுகிறது. ஏன் விழுந்தது? அந்தக் கோட்டையே அவர்கள் சொத்தில்லை. மாப்பிள்ளையின் முன்னோர் ஒருவர், உண்மையான உரிமையாளருக்கு விஷம் கொடுத்து அபகரித்தது. தலைமுறைகள் போயும் அந்தக் கணக்கு தீரவில்லை. எங்களைப் போன்ற வியாபாரிகளின் பாஷையில் சொன்னால், பழைய பாக்கி வட்டியோடு வாசலில் வந்து நிற்கிறது. இதுதான் எல்லா இருண்ட வீடுகளுக்கும் அஸ்திவாரம்.

அடுத்து ஆன் ராட்கிளிஃப் என்னும் அம்மையார் 1794இல் உடால்ஃபோ மர்மங்கள் என்னும் நாவலை எழுதினார். பெற்றோரை இழந்த பிரெஞ்சுப் பெண் எமிலியை, அத்தையின் கணவன் இத்தாலிய மலைக்கோட்டை ஒன்றுக்குக் கொண்டுபோகிறான். அவளுக்குக் கொடுத்த அறையில் இரண்டாவதாக ஒரு கதவு இருக்கிறது. அந்தக் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இல்லை, வெளிப்பக்கம்தான் உண்டு. இதைப் படிக்கும்போது நம் முதுகு சில்லிட்டுப் போகிறது. பேயும் வரவில்லை, ரத்தமும் சிந்தவில்லை. ஒரு தாழ்ப்பாள் இருக்கும் இடம், அவ்வளவுதான்.

அந்த அம்மையார் காலமான பிறகு 1826இல் வெளிவந்த ஒரு கட்டுரையில் பயத்தையும் அருவருப்பு கலந்த பீதியையும் பிரித்துச் சொல்கிறார். என்ன வரப்போகிறதோ என்ற பயம் மனத்தை விரிக்கும். கண்முன் கோரத்தைக் கொண்டுவந்து போட்டால் மனம் சுருங்கி உறைந்துவிடும் என்பது அவர் கருத்து. இருட்டுக்குக் கதையில் ஏன் இவ்வளவு வேலை என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் இல்லை. வெளிச்சத்தில் கண் முடித்துவிடும் காரியத்தை, இருட்டில் காதும் கற்பனையும் சேர்ந்து செய்கின்றன. பல்லி சத்தமிட்டாலும் யாரோ கூப்பிட்டதுபோல் இருக்கிறது. வீட்டில் ஆட்கள் குறைவாகவும் அறைகள் அதிகமாகவும் இருந்தால் கேட்கவே வேண்டாம். ஆள் இல்லாத ஒவ்வோர் அறைக்கும் படிக்கிறவனே ஒரு ஆளைக் குடிவைத்துவிடுகிறான்.

பிறகு வந்தவர்கள் இந்த வீட்டை இன்னும் நெருக்கமாக்கினார்கள். அமெரிக்காவின் எட்கர் ஆலன் போ 1839இல் அஷர் குடும்பத்து வீட்டின் வீழ்ச்சியை எழுதினார். அதில் வீட்டுக்கும் வம்சத்துக்கும் ஒரே பெயர். சுவரில் மேலிருந்து கீழ்வரை ஒரு மெல்லிய விரிசல். செத்துவிட்டாள் என்று நினைத்துத் தங்கையை நிலவறையில் வைத்துவிடுகிறான் அண்ணன். அவள் உள்ளே அசைகிற சத்தம் பல நாட்களாகத் தனக்குக் கேட்டும், வாய் திறக்கத் துணிவில்லாமல் இருந்துவிட்டதாகக் கடைசியில் சொல்கிறான். 1847இல் சார்லட் பிராண்டி எழுதிய ஜேன் அயர் நாவலில், தோர்ன்ஃபீல்டு மாளிகையின் மேல்தளத்திலிருந்து அடிக்கடி ஒரு சிரிப்புச் சத்தம். அங்கே அடைபட்டிருப்பவள் வீட்டுக்காரரின் முதல் மனைவி பெர்த்தா. ஜமைக்காத் தீவிலிருந்து கல்யாணம் செய்து அழைத்து வந்த பெண். பைத்தியம் என்று பூட்டி வைத்திருக்கிறார்கள்.

இங்கே வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எமிலி வேற்று நாட்டுக்காரி. பெர்த்தா கடல் கடந்து வந்தவள். அஷரின் தங்கை சொந்த வீட்டிலேயே அடைபட்டவள். இருண்ட வீட்டுக்குள் அடைபட்டவரின் குரல் வெளியே இருப்பவர் காதில் ஏறுவதில்லை. சத்தமாகக் கேட்கும், பேச்சாகக் கேட்காது. படிக்கிறவனுக்கு மட்டும், அது ஒரு மனுஷக் குரல் என்று மெல்ல மெல்லப் புரிய வருகிறது. சஸ்பென்ஸ் என்று நாம் சொல்வதில் பாதி இதுதான்.

நம் வீட்டில் இருட்டு எங்கே இருந்தது?

இப்போது தமிழுக்கு வருவோம். நம் பழைய இலக்கியத்தில் பேய் உண்டா என்றால், கூட்டம் கூட்டமாக உண்டு. ஆனால் அவை வீட்டுக்குள் இல்லை. ஊருக்கு வெளியே சுடுகாட்டில் இருந்தன.

மணிமேகலையில் சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதையைப் பாருங்கள். சார்ங்கலன் என்னும் சிறுவன் தன்னந்தனியாகச் சுடுகாட்டு வழியே போகிறான். அங்கே ஒரு பேய்மகள் பிணத்தின் தலையைக் கையில் ஏந்தி ஆடுவதைக் கண்டு, அலறி ஓடி வந்து தாயிடம் உயிரை விடுகிறான். சீவக சிந்தாமணியில், கட்டியங்காரன் என்னும் அமைச்சன் அரசனை வஞ்சித்துக் கொன்றபோது, நிறைமாத கர்ப்பிணியான அரசி விசயை மயிற்பொறியில் பறந்து தப்புகிறாள். அது கொண்டுபோய் இறக்கிய இடம் சுடுகாடு. அந்த இருட்டில் பிறந்தவன்தான் சீவகன். இறந்த தன் குழந்தையை அடக்கம் செய்ய வந்த கந்துக்கடன் என்னும் வணிகன் அந்தக் குழந்தையை எடுத்துப் போகிறான். திருவாலங்காட்டிலேயே, வணிகர் குலத்தில் பிறந்து பேய் உருவை வேண்டிப் பெற்ற காரைக்கால் அம்மையார், அந்தச் சுடுகாட்டையும் அதில் ஆடும் இறைவனையும் பதிகமாகப் பாடியிருக்கிறார்.

வீடு ஏன் பயமுறுத்தவில்லை? நம்ம வீடு கட்டிய முறையை யோசித்தால் விளங்கும். தெருவைப் பார்த்துத் திண்ணை, வழிப்போக்கன்கூடப் படுத்துக்கொள்ளலாம். உள்ளே போனால் நடை, அப்புறம் வானத்தைப் பார்த்துத் திறந்த முற்றம், சுற்றித் தாழ்வாரம். வெயிலும் மழையும் நிலவும் வீட்டுக்குள் வந்துபோகும். நெல் கொட்டி வைக்கும் அறை, பிரசவ அறை இவை தவிர மற்ற இடத்தில் கதவைச் சாத்திக்கொண்டு ஒருவர் தனியாக இருப்பதே கிடையாது. கூட்டுக் குடும்பத்தில் பாட்டி ஒரு பக்கம் இருமுவாள், குழந்தை ஒரு பக்கம் அழும். பேய்க்குக் கால் வைக்க இடமில்லை. அதனால் கவிஞர்கள் பயத்தை ஊருக்கு வெளியே வைத்தார்கள்.

ஆனால் ஒரே ஒரு பழங்கதையில் பயம் சுடுகாட்டை விட்டு எழுந்து ஊருக்குள் வந்து, ஒரு வீட்டின் கதவைச் சாத்திக்கொண்டது. அதுதான் பழையனூர்க் கதை.

பழையனூரில் ஓர் இரவு

பழையனூர் கற்பனை ஊர் இல்லை. 1905இல் கிடைத்த திருவாலங்காட்டுச் செப்பேடுகள் 31 ஏடுகள் கொண்டவை. முதலாம் இராசேந்திர சோழன் தன் ஆறாவது ஆட்சியாண்டில் பழையனூர் என்னும் ஊரைத் திருவாலங்காட்டு இறைவனுக்குக் கொடுத்த செய்தி அவற்றில் இருக்கிறது. நீலி கதை அதற்கும் முந்தியது. ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் திருவாலங்காட்டுப் பதிகத்திலேயே, ஒரு பெண் வஞ்சனையால் உயிர் கொண்ட கதையைக் குறிப்பாகச் சொல்கிறார். பதினான்காம் நூற்றாண்டில் உமாபதி சிவாசாரியார் சேக்கிழார் புராணத்தில், நீலியின் வஞ்சனையையும், வணிகன் உயிர் இழந்ததையும், சொன்ன சொல் தவறாமல் எழுபது வேளாளர் தீயில் இறங்கியதையும் எடுத்துரைக்கிறார்.

மக்கள் சொல்லும் கதையில் ஊருக்கு ஊர் வேறுபாடு உண்டு. தென்பாண்டி நாட்டில் இதே கதை இசக்கியம்மன் கதையாக வில்லுப்பாட்டில் ஒலிக்கிறது. பொதுவான சாரம் இது. முற்பிறப்பில் ஒருவன் தன்னை நம்பி வந்த மனைவியை வழியில் கொன்றுபோடுகிறான். அவள் நீலியாகிறாள், அவன் மறுபிறவியில் வணிகனாகப் பிறக்கிறான். அவன் உயிருக்கு ஒரு பெண் பேயால் ஆபத்து என்று சோதிடம் சொல்லி, காவலுக்கு ஒரு மந்திர வாளும் கொடுத்து வைக்கிறார்கள். வியாபார நிமித்தம் அவன் பழையனூர் வருகிறான். நீலி அவன் மனைவியின் உருவெடுத்து, கள்ளிக்கொம்பு ஒன்றைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னாலேயே வருகிறாள்.

ஊர்ச் சபை கூடுகிறது. "இவர் என் புருஷன், என்னைக் கைவிட்டுப் போகப் பார்க்கிறார்" என்று அவள் அழுகிறாள். "இவள் என் மனைவியே அல்ல, பேய்" என்று அவன் கத்துகிறான். சபையார் குழந்தையை இறக்கிவிடச் சொல்கிறார்கள். குழந்தை நேரே அவனிடம் போய் அப்பா என்கிறது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? இருவரும் இன்றிரவு இந்த வீட்டில் தங்குங்கள், காலையில் பேசிக்கொள்ளலாம் என்று தீர்ப்பு. "கையில் வாள் வைத்திருக்கிறாரே, என்னைக் கொன்றுவிட்டால்?" என்கிறாள் அவள். வாளையும் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். அவன் பதறுகிறான். "உன் உயிருக்கு ஏதாவது ஆனால் எங்கள் எழுபது பேர் உயிரும் ஈடு" என்று பிணை கொடுத்துக் கதவைச் சாத்துகிறார்கள்.

இங்கே நிறுத்திக்கொண்டு, கதை கட்டிய விதத்தைப் பாருங்கள். 1940இல் ரெபெக்கா என்னும் இருண்ட மாளிகைக் கதையைப் படமாக்கிய ஆல்ஃப்ரெட் ஹிட்ச்காக் பின்னாளில் ஒரு பேட்டியில் சொன்ன விளக்கம் பிரசித்தம். மேஜைக்கு அடியில் குண்டு இருப்பது பார்ப்பவனுக்குத் தெரியாமல் அது வெடித்தால் சில விநாடி அதிர்ச்சி. தெரிந்த பிறகு, மேஜையைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தால் நிமிஷக் கணக்கில் சஸ்பென்ஸ். பழையனூர்க் கதையில் அவள் பேய் என்பது கேட்கிற நமக்குத் தெரியும். வணிகனுக்கும் தெரியும். சபைக்குத்தான் தெரியவில்லை. வாளை வாங்கும்போது "வேண்டாம், வேண்டாம்" என்று நம் மனம் அடித்துக்கொள்கிறது. வீட்டுக்குள் என்ன நடந்தது என்று கதை விரிவாகச் சொல்ல வேண்டியதே இல்லை. சாத்திய கதவு ஒன்றே போதும். ராட்கிளிஃப் அம்மையார் எழுதிவைத்த சூத்திரத்தை நம் கதைசொல்லிகள் எழுதாமலே கடைப்பிடித்திருக்கிறார்கள்.

காலையில் கதவைத் திறந்தால் வணிகன் பிணம். எழுபது பேரும் சொன்ன சொல்லைக் காப்பாற்றித் தீயில் இறங்குகிறார்கள். இந்தச் சொல்தவறாமைக்காக அவர்களைப் புராணம் போற்றுகிறது, அது நியாயமே. பிணை போட்டவன் பின்வாங்காமல் நிற்பது எவ்வளவு அரிது என்பது கடை வைத்தவனுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் என் மனத்தில் ஒரு கேள்வி நிற்கிறது. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. விசாரணை நடத்தினார்கள், சாட்சியும் பார்த்தார்கள். இருந்தும் அந்த வெளியூர்க்காரன் சொன்னது அவர்கள் காதில் ஏறவில்லை. அந்த வீட்டிலும், உடால்ஃபோக் கோட்டையைப் போலவே, தாழ்ப்பாள் வெளிப்பக்கம்தான் இருந்தது. அதைப் போட்ட கைகள் நல்லவர்களின் கைகள்.

ஜமீன் அரண்மனைகள் காலியான காலம்

பழையனூருக்குப் பிறகு இருண்ட வீடு தமிழில் பெருகியது இருபதாம் நூற்றாண்டில்தான். அதற்குக் காரணம் வெறும் ஆங்கில நாவலைப் பார்த்து எழுதியது மட்டும் அல்ல என்பது என் கருத்து. இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றி அரசர் 1536 முதல் சில ஆண்டுகளுக்குள் மடாலயங்களை எல்லாம் கலைத்துவிட்டார். இடிந்த மடங்களும் ஆளற்ற கோட்டைகளும் நாடு முழுக்க நின்றன. வால்போல் காலத்து மக்கள் அவற்றைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவர்கள். நம் பக்கத்தில் அப்படியொரு மாற்றம் 1948ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டத்தால் வந்தது. புத்தூர், திருத்தணி வட்டாரங்களை ஆண்ட கார்வேட்டிநகரம் ஜமீன் போலச் சென்னை மாகாணத்தில் எத்தனையோ ஜமீன்கள். வருமானம் நின்றதும் பெரிய வீடுகளைப் பராமரிக்க ஆளில்லாமல் போனது. வெளவால் குடியேறியது, ஊர்ப் பிள்ளைகள் அந்தப் பக்கம் போகப் பயந்தார்கள்.

சினிமாக்காரர்கள் சும்மா இருப்பார்களா? 1963இல் ஸ்ரீதர் இயக்கிய நெஞ்சம் மறப்பதில்லை படத்தில், பாழடைந்த மாளிகையின் மூடிய அறை ஒன்று கதாநாயகனுக்கு முற்பிறப்பையே நினைவூட்டிவிடுகிறது. ஜமீன்தார் செய்த பழைய கொடுமை அங்கே காத்திருக்கிறது. அந்தப் படத்துக்கு ஒளிப்பதிவு செய்த வின்சென்ட், அடுத்த ஆண்டே மலையாளத்தில் பார்கவி நிலையம் படத்தை இயக்கினார். சினிமாவுக்கு முன்பே, 1943இல் புதுமைப்பித்தன் காஞ்சனை கதையில் ஒரு சாதாரண நகரத்துக் குடித்தன வீட்டுக்குள் பயத்தைக் கொண்டுவந்திருந்தார். மாளிகை வேண்டாம், கோட்டை வேண்டாம். வேலைக்கு வந்த ஒரு பெண், ராத்திரியில் எங்கிருந்தோ வரும் ஒரு நாற்றம். நடந்தது என்ன என்று கடைசிவரை தீர்த்துச் சொல்லவில்லை.

1993இல் ஃபாசில் எடுத்த மணிச்சித்திரத்தாழ் மலையாளப் படத்தையும், 2005இல் பி. வாசு எடுத்த சந்திரமுகியையும் நம் குடும்பங்களில் பார்க்காதவர்கள் குறைவு. இரண்டும் ஒரே கதைதான். ஆனால் ஒரு விஷயத்தை வெளிமாநிலத்தில் வாழும் நாம் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். மலையாளப் படத்தில் பூட்டிய அறைக்கு உரிய பெண் நாகவல்லி, தஞ்சாவூரிலிருந்து கொண்டுவரப்பட்ட நாட்டியக்காரி. அவள் பேசுவது தமிழ். தமிழ்ப் படத்திலோ சந்திரமுகி ஆந்திரத்திலிருந்து வந்தவள்; அவள் பேசுவது தெலுங்கு. கேரளத்து வீட்டில் தமிழச்சி பேய். தமிழ்நாட்டு அரண்மனையில் தெலுங்குப் பெண் பேய்! பெர்த்தாவை நினைத்துக்கொள்ளுங்கள், பழையனூர் வணிகனையும் நினைத்துக்கொள்ளுங்கள். வெளியூரிலிருந்து வந்தவர், பாஷை வேறானவர், சொன்னால் கேட்க ஆளில்லாதவர். இவர்களைத்தான் இருண்ட வீடு விழுங்குகிறது.

முனிச்சந்திரர் செய்த காரியம்

அப்படியானால் இந்தப் பயத்துக்கு முடிவு என்ன? மந்திரவாதியைக் கூப்பிடுவது ஒரு வழி. வீட்டையே இடித்துவிடுவது இன்னொரு வழி. போ கதையில் வீடு தானே இடிந்து ஏரிக்குள் போய்விடுகிறது. மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது. அதை எங்கள் தமிழ்ச் சமண இலக்கியம் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சொல்லிவிட்டது.

ஐஞ்சிறுகாப்பியங்களுள் ஒன்றான நீலகேசியை இயற்றியவர் பெயர் தெரியவில்லை. சமய திவாகரர் என்னும் வாமன முனிவர் உரை எழுதியிருக்கிறார். பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் 1936இல் உரையோடு அச்சேற்றினார். இந்தக் காப்பியத்தின் தலைவி வேறு யாருமில்லை, பழையனூர் நீலியேதான்.

பாஞ்சால நாட்டில் ஒரு சுடுகாடு. அதில் ஒரு காளி கோயில். பக்கத்தில் முனிச்சந்திரர் என்னும் சமண முனிவர் தவம் செய்கிறார். அரசிக்குக் குழந்தை பிறந்ததற்காக ஆடு கோழிகளைப் பலி கொடுக்கச் சனங்கள் வருகிறார்கள். உயிரைக் கொல்ல வேண்டாம், மண்ணால் செய்த உருவங்களைக் காணிக்கை வையுங்கள் என்கிறார் முனிவர். பலி நின்றுபோன கோபத்தில் காளி, தெற்கே பழையனூரிலிருந்து நீலியை வரவழைத்து முனிவர்மேல் ஏவுகிறாள். நீலி இருட்டில் என்னென்னவோ கோர உருவம் காட்டிப் பார்க்கிறாள். முனிவர் அசையவில்லை. பிறகு அரசகுமாரி போல அழகிய உருவில் வந்து மயக்கப் பார்க்கிறாள். அவர் அவள் யார் என்று அறிந்துகொள்கிறார். ஆனால் விரட்டவில்லை, சபிக்கவில்லை, மந்திரம் போட்டுக் கட்டவில்லை. பேசுகிறார். அவளும் கேள்வி கேட்கிறாள், பதிலைக் கேட்டுக்கொள்கிறாள். கொல்லாமையின் பொருளை உணர்ந்து மாணவியாகிறாள். அதற்குமேல் காப்பியம் முழுவதும் அவள்தான் ஊர் ஊராகப் போய்ப் பல சமயத்தாருடன் வாதம் செய்கிறாள். குண்டலகேசியோடு வாதம், மொக்கலனோடு வாதம், புத்தரோடு வாதம், வேதவாதம் என்று போய் பூதவாதத்தில் முடிகிறது. பேய் என்று ஒன்றில்லை, உடம்பைத் தவிர உயிர் இல்லை என்று சொல்லும் பூதவாதிக்குத் தன் பழைய கோர உருவத்தையே ஒரு கணம் சாட்சியாகக் காட்டுகிறாள் என்பது சுவையான இடம்.

பழையனூர்ச் சபை நீலியின் அழுகையைக் கேட்டது. அவள் கதையைக் கேட்கவில்லை. முனிச்சந்திரர் அவளைப் பேசவிட்டார். இந்த ஒரு வித்தியாசத்தில் பேய் மறைந்து ஒரு தத்துவப் பெண்மணி பிறந்துவிட்டாள். மேல்நாட்டில் இதற்கு ஒப்பான காரியம் 1966இல்தான் நடந்தது. கரீபியன் தீவொன்றில் பிறந்த ஜீன் ரைஸ் என்னும் எழுத்தாளர், தோர்ன்ஃபீல்டு மாளிகையில் அடைபட்ட பெர்த்தாவின் வாயிலாகவே அவள் கதையைச் சொல்லவைத்து ஒரு நாவல் எழுதினார். மேலே சொன்ன பார்கவி நிலையம் படத்துக்கு மூலமான வைக்கம் முகமது பஷீரின் நீலவெளிச்சம் கதையிலும் இதே வழிதான். பேய் வீடு என்று தெரியாமல் குடிவந்துவிட்ட எழுத்தாளர், ஓடிப்போகாமல், அங்கே இறந்த பெண்ணோடு வாய்விட்டுப் பேசிப் பேசியே சிநேகமாகிறார்.

இருட்டைப் பற்றிச் சமணர்கள் நினைப்பதையும் இங்கே ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிக்க வேண்டும் என்பது எங்கள் வீடுகளில் பழைய நியமம். இருட்டில் பேய் வரும் என்பதற்காக அல்ல. இருட்டில் நம் கண்ணுக்குத் தெரியாமல் சின்ன உயிர்கள் நம்மால் செத்துப்போகும் என்பதற்காக. அதாவது இருட்டில் நமக்கு என்ன ஆகும் என்பதைவிட, நம்மால் பிறருக்கு என்ன ஆகும் என்று பயப்படச் சொன்னார்கள் பெரியவர்கள். கோதிக் கதைகளை இந்தக் கண்ணோடு படித்தால் வேறொரு கதை தெரிகிறது. உள்ளே இருக்கும் பேயைவிட, வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போனவர்களைப் பற்றி யோசிக்கத் தோன்றுகிறது.

நீலிக் கண்ணீர்

நம் பேச்சு வழக்கில் நீலி எப்படி மிஞ்சியிருக்கிறாள் என்று பாருங்கள். ஒரு பெண் அழுதால், "நீலிக் கண்ணீர் வடிக்கிறா" என்று சொல்லிவிடுகிறோம். பொய் அழுகை என்று பொருள். பழையனூரில் அவள் அழுதது பொய்தான். ஆனால் நம்பி வந்தவளைக் கொன்ற அந்த முன்கதை நம் ஞாபகத்திலிருந்து போய்விட்டது. அவள் நீலகேசியாகி நாடெங்கும் வாதில் வென்ற பின்கதையும் போய்விட்டது. நடுவில் இருந்த ஒரு ராத்திரியை மட்டும் பழமொழியாக்கி வைத்துக்கொண்டோம். எத்தனை வீடுகளில் உண்மையாக அழுத பெண்களின் வாயை இந்த ஒரு சொல் அடைத்திருக்கிறதோ, யார் கண்டார்கள்.

வெளிமாநிலத்தில் வாழும் குடும்பங்களுக்கு இந்தக் கதை இன்னும் நெருக்கமானது. நாமும் பாஷை வேறான ஊருக்கு வந்து கடை வைத்தவர்கள், வேலைக்கு வந்தவர்கள். நம் சொல்லை இங்குள்ளவர்கள் காது கொடுத்துக் கேட்டதால்தான் இங்கே வேர்விட்டோம். அதே மாதிரி நம் வாசலுக்கு வரும் அயலாரையும், நம் வீட்டுக்கு வாழ வந்த பெண்களையும் நாம் கேட்கக் கடமைப்பட்டிருக்கிறோம். பல அறை, பெரிய கதவு, குறைந்த வெளிச்சம் இருப்பதால் மட்டும் ஒரு வீடு இருண்டுவிடாது. ஒருத்தர் பேச்சு இன்னொருத்தர் காதில் ஏறாத வீடு, டியூப் லைட் எரிந்தாலும் இருண்ட வீடுதான்.

ஆகவே பிள்ளைகள் பேய் பங்களாக் கதை படித்தால் தடுக்காதீர்கள். கூடவே உட்கார்ந்து பழையனூர்க் கதையையும் நீலகேசியையும் முழுசாகச் சொல்லுங்கள். சொல்லி முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: அந்த வீட்டில் தாழ்ப்பாள் எந்தப் பக்கம் இருந்தது, போட்டது யார்? பதிலை அவர்களே கண்டுபிடிப்பார்கள்.